நீர்புகாக் குழு

மனித குலம் இதுவரை மழையை மூன்று வழிகளில்தான் சமாளித்து வந்திருக்கிறது. நனைந்தது, ஒதுங்கி நின்றது, குடை பிடித்தது. நான்காவது வழியைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் அலுவலகத்தையே சேரும். நாங்கள் குழு அமைத்தோம்.

இந்தச் சாதனையை உலகம் இன்னும் முறையாகக் கொண்டாடவில்லை. உலகத்துக்கு வேறு வேலை இருக்கிறது போலும். அக்குழுவின் செயலராக இருக்கும் பாக்கியம் பெற்றவன் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் எழுதிவைப்பது என் கடமை ஆகிறது.

எங்களுடையது மலை விளையாட்டு மேம்பாட்டு அலுவலகம். இருப்பது சமவெளியில். இரண்டாவது மாடிக் கழிப்பறையின் ஜன்னல் திட்டில் ஏறி நின்று, எதிர்க்கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு விளம்பரப் பலகைக்கும் நடுவே கழுத்தை நீட்டினால் மலையின் ஒரு துண்டு தெரியும். மலைநடை, மலையோட்டம், பாறையேற்றம் என்று இப்போது ஊரே மலைப் பைத்தியம் பிடித்து அலைகிறது. நேற்றுவரை லிஃப்ட் ஓடவில்லை என்றால் வீட்டுக்கே திரும்பிப் போனவர்கள்கூட, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் முதுகில் ஒரு பையும் கையில் இரண்டு கம்பும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவர்களை ஊக்குவிப்பது எங்கள் வேலை. ஊக்கம் மிகுதியாகி வழி தவறியவர்களைத் தேடிப்பிடித்துக் கீழே கொண்டுவருவது மீட்புப் படையின் வேலை. மீட்புப் படை என்றால் மூன்று பேர், ஒரு கயிறு, ஆளுக்கொரு விசில். மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள்.

அந்த மூவரில் மூத்தவர் என் தங்கையின் கணவர். போன மழைக்காலத்தில் மாப்பிள்ளை போட்டிருந்ததை 'மழைச்சட்டை' என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். தையல்கள்மேல் ஒட்டியிருந்த நாடா உரிந்து தோரணம்போல் தொங்கியது. மழை எந்தத் தையலையும் விட்டுவைக்காமல் எல்லா வழியாகவும் உள்ளே வந்தது. அதைப் போட்டுக்கொண்டு, வழி தவறிய ஒரு கணவன் மனைவியைக் கீழே இறக்கிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மாப்பிள்ளை நேராக ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். நிமோனியா.

"இந்தத் தடவை தப்பிச்சிட்டீங்க. இன்னொரு தடவை இப்படி ஊற ஊற நனைஞ்சீங்கன்னா நுரையீரல் தாங்காது. அப்புறம் மலையை நீங்க காலண்டர்லதான் பாக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளைக்கு அது பெரிய அடி. மலையைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. சமதளத்தில் நடக்கும்போதுகூட ஏதோ ஏறுகிற மாதிரி முன்னால் குனிந்துதான் நடப்பார்.

என் தங்கை எங்கள் அலுவலகத்துக்கு எதிர்த்தாற்போல் உள்ள மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மதிய இடைவேளையில் தெருவைக் கடந்து வந்தாள்.

"அண்ணா, அடுத்த மழைக்குள்ள அவருக்கு ஒரு நல்ல சட்டை வந்துருமா?"

"வந்துரும்மா."

"நாங்களே வாங்கிக்கறோம்னாலும் விட மாட்டேங்கறாங்களே."

உண்மைதான். அலுவலகம் வழங்காத உடுப்போடு மலை ஏறினால் காப்பீடு செல்லாது என்று விதி இருக்கிறது. நல்ல விதி. அதைத் தட்டச்சு செய்தவனே நான்தான்.

"நீ எதுக்குக் கவலைப்படறே? நான்தான் உள்ள இருக்கேன்ல."

"அதான்ணா கவலையே" என்றாள்.

கோரிக்கையை இயக்குநரிடம் கொண்டுபோனேன். அவர் உடனே உருகிவிட்டார். எங்கள் இயக்குநர் உருகினால் குழு அமைப்பார். மிகவும் உருகினால் துணைக்குழு. "ஒரு மனுஷனோட உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இதுல அவசரமே கூடாது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குழுவுக்கு இயக்குநர் தலைவர், நான் செயலர், எங்கள் ஊக்க ஆலோசகர் உறுப்பினர். ஆலோசகரை அலுவலகத்தில் எல்லாரும் 'சிகரம்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் எந்தச் சிகரத்திலும் ஏறியவர் அல்லர். "உங்களுக்குள் ஒரு சிகரம்" என்ற தலைப்பில் ஊர் ஊராகப் பேசுகிறவர். எங்கள் இரண்டாவது மாடிக்குப் படியேறி வந்தால் கால் மணி நேரம் அவருக்குள் இருக்கும் சிகரம் மூச்சு வாங்கும்.

மலை ஏறுகிற ஆள் ஒருவர்கூடக் குழுவில் இல்லையே என்று சிலர் முணுமுணுத்தார்கள். விவரம் தெரியாதவர்கள். சட்டையைப் போடப்போகிறவரே சட்டையைத் தேர்ந்தெடுத்தால் அது பாரபட்சம் ஆகிவிடாதா? எங்கள் மூவருக்கும் மலைமேல் எந்தப் பற்றும் கிடையாது. அதுதான் நடுநிலை.

முதல் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, குழுவின் நடவடிக்கை பற்றி யாரும் வெளியே மூச்சு விடக் கூடாது. இரண்டு, வெளியே எல்லாருக்கும் தெரியும்படி ஓர் அறிவிப்பு ஒட்டுவது. அறிவிப்பை நானே எழுதினேன். "மீட்புப் படையினர் மூவருக்கு உயர்தர ஜாக்கெட் தேவை. அளவெடுத்துத் தரவும்."

மறுநாள் தோளில் இஞ்ச் டேப்போடு பெண்கள் தையற்கடை அக்கா வந்து நின்றார்.

"யாருக்கு சார் ஜாக்கெட்?"

மாப்பிள்ளையை வரவழைத்திருந்தோம். முன்னால் நிறுத்தினேன். அக்கா அவருடைய மீசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தொழில் தெரிந்தவர், ஒன்றும் கேட்கவில்லை.

"கொக்கி முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால ஜிப் இருந்தாப் போதும்கா" என்றார் மாப்பிள்ளை.

"ஜிப்பா? சரி. கழுத்து எவ்வளவு எறக்கம்?"

"எறக்கமே வேண்டாம். கழுத்து வெளிய தெரியக் கூடாது. தலையையும் சேத்து மூடணும்."

"தலையையுமா? கை?"

"முழுக் கை. விரல் நுனி மட்டும் தெரிஞ்சாப் போதும். இடுப்புக்குக் கீழ வரைக்கும் எறங்கணும். கையைத் தூக்கினாக்கூட ஒரு இடமும் தெரியக் கூடாது."

அக்கா டேப்பைச் சுருட்டினார். "நானும் எத்தனையோ பேருக்குத் தைச்சிருக்கேன் சார். இவ்வளவு அடக்கமா ஒருத்தர்கூடக் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையை மிகுந்த மரியாதையோடு பார்த்தபடி இறங்கிப் போனார்.

இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. தவறு துணியில் இல்லை, சொல்லில்தான் என்பதை அவர் உடனே கண்டுகொண்டார். அன்று மாலையே எங்கள் மொழி அலுவலர் அம்மா குழுவில் நான்காவது உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். அந்த அம்மாவைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. கழிப்பறைக் கதவில் 'ஆண்கள்' என்று எழுதியிருந்ததை 'ஆடவர்' என்று மாற்றி, அது முடிவாகும்வரை கதவைப் பூட்டிவைத்தவர்.

பெயர் சூட்டும் கூட்டங்கள் எங்கள் கூட்ட அறையில் நடந்தன. அந்த அறையின் ஏசியிலிருந்து எப்போதும் தண்ணீர் சொட்டும். மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் வாளி நிரந்தர அழைப்பாளராக இருக்கும். நீர் ஒழுகுவதைப் பற்றி ஆலோசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் உலகில் கிடையாது.

"கடையில இதை ஷெல் ஜாக்கெட்னு சொல்றாங்க. ஷெல்னா ஓடு. ஆமை, நத்தையெல்லாம் வச்சிருக்கே, அந்த ஓடு. ஆகவே இது ஓட்டுச் சட்டை" என்றார் மொழி அலுவலர்.

"அற்புதம்! ஓடு, ஓடு, மலையை நோக்கி ஓடு! பேர்லயே ஊக்கம் இருக்கு" என்று சிகரம் மேஜையைத் தட்டினார். வாளி ஆடியது.

'ஓட்டுச் சட்டை தேவை' என்று அறிவிப்பு ஒட்டினேன். அச்சகக்காரர் ஒருவர் படியேறி வந்து, குரலைத் தாழ்த்தி, "எலெக்‌ஷன் எப்ப சார்? எந்தக் கட்சி? தலைவர் படம் நெஞ்சுலயா, முதுகுலயா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் ஓட்டுக்கு ஒரு சட்டை என்று புரிந்துகொண்டு வாங்கிப்போக வந்தவர்கள். அந்தப் பெயரும் கைவிடப்பட்டது.

அடுத்து 'நீர்புகா மேலாடை'. இயக்குநர் அதை உரக்கப் படித்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"அம்மா, நீர் புகான்னா, 'நீர் உள்ள போகாதீர்'னு மரியாதையாச் சொல்ற மாதிரி இருக்கே. நாளைக்கு யாராவது, 'நீங்களே புகக் கூடாதுன்னு எழுதிட்டீங்க, அப்புறம் எப்படிப் போட்டுக்கறது'ன்னு கேட்டா?"

மொழி அலுவலரின் கண்கள் மின்னின. இப்படி ஒரு கேள்விக்காகவே அவர் வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். "சேத்து எழுதினா தண்ணி. பிரிச்சு எழுதினா நீங்க" என்றார். சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதில் ஒரு கூட்டம் போனது. சேர்த்து எழுதினாலும் படிக்கிறவர் பிரித்துப் படித்தால் யார் பொறுப்பு என்பதில் இன்னொன்று போனது. வெளியே வெயில் தணிந்து காற்று மாறத் தொடங்கியிருந்தது. தங்கை தெருவுக்கு அந்தப் பக்கம் கடை வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பாள். பிறகு எங்கள் மாடியைப் பார்ப்பாள். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். கூட்டத்தின் ரகசியம் காக்கப்பட வேண்டும்.

ஒருவழியாக 'நீர்புகா மேலாடை' என்றே பெயர் முடிவானதும் மலைச்சாமான் கடைக்காரர் நான்கு மாதிரிச் சட்டைகளோடு வந்தார். சிவப்பு, நீலம், பச்சை, ஆரஞ்சு. அவர் சட்டையை மேஜையில் வைத்த விதமே வேறு. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்குவதுபோல் இறக்கினார்.

"இதைச் சட்டைன்னு நெனைக்காதீங்க சார். மூணு அடுக்கு. வெளிய ஒரு துணி, உள்ள ஒரு துணி, நடுவுல ஒரு சவ்வு. இருபதாயிரம் மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணிய நிறுத்தினாலும் ஒரு பொட்டு எறங்காது."

"அவ்வளவு தண்ணிக்கு எங்க போறது? எங்க தெருவுல குழாய்ல தண்ணி வந்தே ஒரு வாரம் ஆச்சு" என்றார் இயக்குநர்.

"மழை உள்ள வராது சார். ஆனா உள்ள இருக்கற வேர்வை ஆவியா வெளிய போயிடும். சட்டை மூச்சு விடும்."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெளியவா மூச்சு விடும்?"

"நல்லா விடும் சார்."

"இந்தக் குழு விஷயமா யாரும் வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம். சட்டை மட்டும் எப்படி விடலாம்?"

சட்டைக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கலாம் என்று நான் முன்மொழிந்தேன், சிகரம் வழிமொழிந்தார். உள்ளே இருப்பது வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே வராது என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது. எங்கள் அலுவலகத்தில் எந்த மனுவும் உள்ளே போகும், எதுவும் வெளியே வராது.

"இது என்ன, அக்குள்ல ஒரு ஜிப்பு?" என்று சிகரம் கேட்டார்.

"ஏத்தத்துல ரொம்ப வேர்த்தா தெறந்து விட்டுக்கலாம் சார். காத்து போகும்."

மொழி அலுவலர் பேனாவை எடுத்தார். "கக்கக் காற்றுவழி" என்று எழுதிக்கொண்டு தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார்.

அந்த வாரம் மாப்பிள்ளையே நேரில் வந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். மேஜைமேல் இருந்த சட்டைகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மச்சான், எதுவா இருந்தாலும் சரி. நாலும் நல்லாத்தான் இருக்கு. ஆரஞ்சு கெடைச்சா இன்னும் சந்தோஷம். போட்டோவுல எடுப்பா இருக்கும்." அவர் கையை நீட்டினார்.

"தொடாதீங்க மாப்பிள்ளை. பரிசோதனை இன்னும் முடியல."

"மேல மேகம் எறங்கிடுச்சு மச்சான். நேத்தே தூறல்."

"உங்க உயிர் விஷயம். அவசரப்பட முடியுமா?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமி முடித்துவிட்டு, "சரி மச்சான், நீங்க பாத்துச் செய்யுங்க" என்று இறங்கிப் போனார். அவர் இறங்குகிற சத்தத்தை நான் கீழ்ப்படி வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன். மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

முதல் பரிசோதனை எங்கள் அலுவலகக் கழிப்பறையில் நடந்தது. சிகரம் பச்சைச் சட்டையைப் போட்டு வாளிகளுக்கு நடுவில் நின்றார். இயக்குநர் ஸ்டூலில் ஏறி மேலிருந்து குவளை குவளையாக ஊற்றினார். மொழி அலுவலர் கதவுக்கு வெளியே நின்று, "இப்ப எப்படி? இப்ப எப்படி?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நான்காவது குவளையில் சிகரம், "ஐயோ!" என்று கத்தினார். சட்டையோடு சேர்ந்த தொப்பியைத் தலைக்கு இழுத்துவிட மறந்திருந்தார். தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி இடுப்புவரை போய்விட்டது.

இதில்தான் குழுவுக்குள் முதல்முறையாகக் கருத்து வேறுபாடு எழுந்தது. தண்ணீர் சட்டை வழியாக உள்ளே வந்ததா, கழுத்து வழியாகவா? கழுத்து சட்டையின் பகுதியா, மனிதனின் பகுதியா? "கழுத்து என்னோடதுதான்" என்று சிகரம் உறுதியாகச் சொன்னார். "அப்ப ஒழுகினது நீங்கதான், சட்டை இல்ல" என்றார் இயக்குநர். மேலும், குவளைத் தண்ணீர் மேலிருந்து கீழே நேராக விழுகிறது. மலைமழை பக்கவாட்டில் அடிக்கும். ஆகவே இந்தச் சோதனை செல்லாது, மலைக்கே போய்க் கள ஆய்வு செய்வது என்று ஒருமனதாக முடிவு செய்தோம்.

இந்த இடத்தில் என் பேனா சற்றுப் பெருமிதத்தால் நடுங்குகிறது. ஓர் அலுவலகக் குழு, தான் மேம்படுத்துகிற மலையை நேரில் போய்ப் பார்த்தது அதுவே முதல்முறை.

கனமழை என்று வானிலைச் செய்தியில் சொன்ன நாளாகப் பார்த்துப் புறப்பட்டோம். ஆளுக்கொரு சட்டை. இயக்குநருக்குச் சிவப்பு, சிகரத்துக்குப் பச்சை, மொழி அலுவலருக்கு ஆரஞ்சு, எனக்கு நீலம். கொட்டகை வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தார்.

"நானும் கூட வர்றேன் சார். பாதை வழுக்கும்."

"கூடாது தம்பி. பயன்படுத்தறவர் பக்கத்துல இருந்தா முடிவு பாதிக்கப்படும்" என்றார் இயக்குநர்.

சிகரம் முன்னால் நடந்தார். "வாழ்க்கையில பாதைங்கறது நாம போடறதுதான்" என்று சொல்லிக்கொண்டே, போட்டிருந்த பாதையை விட்டு விலகினார். நாங்கள் பின்தொடர்ந்தோம். சற்று நேரத்தில் மேகம் இறங்கி எங்களை மூடிக்கொண்டது. எதிரில் நீட்டிய கைகூடத் தெரியவில்லை. மழை வெளுத்து வாங்கியது. ஒரு பாறைக்கு அடியில் நால்வரும் ஒண்டினோம். கீழே இறங்கும் வழி எந்தப் பக்கம் என்பதில் நாலு பேருக்கும் நாலு கருத்து. இயக்குநர் கைபேசியில் கொட்டகைக்குப் பேசினார். பேசும்போது அவர் குரலில் இருந்த நடுக்கத்தைக் குளிர் என்றே நான் பதிவு செய்கிறேன்.

மீட்புப் படையின் மற்ற இருவரும் மறுசரிவில் தேடப் போனார்கள். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வந்தார். முதலில் விசில் சத்தம் கேட்டது. பிறகு மேகத்துக்குள்ளிருந்து பெரிய பெரிய ரோஜாப்பூக்கள் நடந்து வந்தன. சாப்பாட்டு மேஜைமேல் விரிக்கிற பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு! அதைப் பழைய மழைச்சட்டைக்கு மேலே போர்த்தி, இடுப்பில் கயிற்றால் கட்டியிருந்தார். காற்று அதை ஒரு பக்கம் கிழித்துவிட்டிருந்தது. தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்து போயிருந்தார். பல் தந்தியடித்தது.

"எல்லாரும் நல்லாருக்கீங்களா?" என்றார். அப்புறம் இருமினார்.

"நல்லாருக்கோம். சட்டையும் நல்லாருக்கு" என்றார் இயக்குநர்.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இந்தச் சரிவுல நான் முன்னாடி எறங்கிக் கயிறு கட்டிட்டு வரணும். அதுவரைக்கும் நீங்க பாறைக்கு அடியிலதான இருப்பீங்க. ஒரு சட்டை மட்டும் கழட்டிக் குடுங்க. வந்ததும் திருப்பித் தந்துர்றேன்."

இயக்குநர்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார்.

"குடுக்கக் கூடாதுன்னு இல்ல தம்பி. பரிசோதனை நடந்துட்டிருக்கு பாருங்க. நடுவுல ஆளை மாத்தினா முடிவு செல்லாது. அப்புறம் மறுபடியும் முதல்லேருந்து வரணும்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றார்" என்றார் சிகரம்.

"மேலும் இது மாதிரிச் சட்டை. கசங்காமத் திருப்பிக் குடுக்கணும்" என்றார் மொழி அலுவலர்.

நான் என் சட்டையின் ஜிப்பில் கை வைத்தேன். இயக்குநர் என்னைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்காக அவருக்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர் இறங்கிப்போய்க் கயிறு கட்டினார். ஏறி வந்தார். ஒவ்வொருவராக எங்களைத் தோளில் தாங்கி இறக்கினார், மறுபடி ஏறினார். அவர் ஒவ்வொரு முறை வரும்போதும் இருமல் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் விரிப்பு எங்கேயோ பறந்து போய்விட்டது. மழை அவர்மேல் கொட்டித் தீர்த்தது.

கொட்டகைக்கு வந்து சேர்ந்ததும் இயக்குநர் சிவப்புச் சட்டையின் உள்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார். "பாருங்க! காஞ்சு கெடக்கு!" நாங்கள் கைதட்டினோம். மாப்பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். அவரும் கைதட்டப் பார்த்தார். கைகள் ஒன்றோடொன்று சேரவில்லை.

அன்றே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தங்கை கடையிலிருந்து அப்படியே ஓடி வந்தாள். மருந்துக்கடை மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. என்னைத் தாண்டி நேராக வார்டுக்குள் போனாள். உயிருக்கு ஆபத்து இல்லை என்று தெரிய இரண்டு நாள் ஆனது. அதன்பிறகு டாக்டர் வந்து, முன்பே சொன்னதை இன்னொரு முறை சொன்னார். இனிமேல் மலை கிடையாது. படியேறுவதுகூட நிறுத்தி நிதானமாகத்தான்.

குழு அவசரமாகக் கூடியது. இயக்குநர் மிகவும் உருகியிருந்தார். நான்கு சட்டைகளும் தேர்வில் முழு வெற்றி பெற்றன என்றும், நான்கும் சமமாக நல்லவை என்பதால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மற்ற மூன்றுக்கும் அநீதி என்றும், ஆகவே துணைக்குழு அமைப்பது என்றும் முதல் தீர்மானம். மூத்த மீட்பாளர் இனி மலை ஏறப்போவதில்லை என்பதால் அவருக்குச் சட்டை தேவைப்படாது, எனவே அவர் கோரிக்கை முழுமையாகத் தீர்ந்துவிட்டது என்று இரண்டாவது தீர்மானம். ஒரு கோரிக்கை எங்கள் அலுவலகத்தில் இவ்வளவு முழுமையாகத் தீர்ந்து நான் பார்த்ததில்லை.

இந்த நல்ல செய்தியை நேரில் சொல்வதுதான் மரியாதை என்று இயக்குநர் நினைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் நல்ல மழை. நாங்கள் நால்வரும் சிவப்பு, பச்சை, ஆரஞ்சு, நீலமாக, ஒரு பொட்டு நனையாமல் வார்டுக்குள் நுழைந்தோம். பக்கத்துக் கட்டில்காரர் எங்களைத் தீயணைப்புப் படை என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை தலையணையில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். மூச்சை எண்ணி எண்ணி விட்டார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். அந்த ஜன்னலிலிருந்து மலை முழுசாகத் தெரிந்தது. தங்கை அவர் கையைப் பிடித்தபடி ஸ்டூலில் இருந்தாள்.

இயக்குநர் தீர்மானத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். "ஆகக்கூடி உங்க பிரச்சினை தீந்தாச்சு. இனிமே தம்பி நனையவே வேண்டியதில்ல" என்று முடித்தார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதற்குத் தடுப்பாக எந்தச் சவ்வும் இல்லை.

இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை. தங்கையைப் பார்த்து, "அம்மா, நாங்க ஒண்ணுமே செய்யலன்னு மட்டும் நெனைச்சிடாதீங்க. இத்தனை மாசமா இந்த அலுவலகத்துல நடந்தது பூரா சட்டை வேலைதான்" என்றார்.

தங்கை எழுந்து நின்றாள். எங்கள் நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியில் என்னிடம் வந்து அவள் பார்வை நின்றது.

"தெரியும் சார். பேர் வச்சீங்க. தண்ணி ஊத்திப் பாத்தீங்க. மலையில போய் மாட்டிக்கிட்டு, இவரு தோள்லயே எறங்கி வந்தீங்க. எல்லாம் பண்ணீங்க. மனுஷனைத்தான் ஒருத்தரும் சட்டை பண்ணல."

மொழி அலுவலர் அம்மா வாயைத் திறந்தார். அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றும் இல்லை போலிருக்கிறது, மூடிக்கொண்டார்.

குழுவின் இறுதி அறிக்கையாக அந்த ஒரு வாக்கியத்தையே வெளியிடலாம் என்று, செயலர் என்ற முறையில் நான் முன்மொழிந்திருக்கிறேன். வழிமொழிய இதுவரை ஆள் கிடைக்கவில்லை.